தென்னூர் உபன்யாசம்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஆபீஸ் விட்டு வரும் இரண்டு பேர். ஒருவர் நெற்றியில் திருமண்.

“நேத்திக்கு சாயங்காலம் நன்னா செத்தேன்,” என்றார் திருமண்காரர்.

“என்ன சாமி சொல்றீங்க?”

“தென்னூர்ல புதுசா வீடியோ கேம் கடை போட்டிருக்கானே, அங்கதான். ராக்ஷஸாள் மாதிரி மேலேர்ந்து வரிசையா இறங்கறா. நாம சுடணும்.”

“ரிட்டையராகற வயசுல இது தேவைங்களா?”

“ஆபீஸ்ல தப்பு பண்ணினா மெமோ. ஆத்துல பண்ணினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அங்க தப்பு பண்ணினா செத்துப்போறேன், அவ்வளவுதான். காசு போட்டா மறுபடி பொறந்துடறேன்.”

“பெருமாள்கிட்ட இனிமே பிறவியே வேண்டாம்னுதானே கேப்பீங்க?”

“அந்தப் பிறவில, போன தடவை எங்க கோட்டை விட்டோம்னு ஞாபகம் இருக்கறதில்லையே!”

“மாமி திட்டலையா?”

“உபன்யாசம்னு சொல்லிட்டுப் போறேன். நேத்திக்கு என்ன கதைன்னு கேட்டா. ராக்ஷஸாள் கூட்டம் கூட்டமா வந்தா, ஒண்டியா நின்னு சம்ஹாரம்னேன். கண்ணுல ஜலம் வந்துடுத்து அவளுக்கு.”

“அப்பறம் என்ன கவலை?”

பஸ் காவிரிப் பாலம் ஏறியது.

“நாளைக்கு அவளும் வராளாம். எதிராத்து மாமியையும் அழைச்சுண்டு.”