முதலில் சொன்ன ஆள்

— நீங்க எழுதச் சொன்ன ஒப்படைய என்ட மகள் தரமாட்டாள் டீச்சர். அதச் சொல்லத்தான் வந்தனான்.

— வாசல்ல நிண்டு சொல்லுற கதையா இது? பள்ளியும் விட்டுட்டு, ஒருத்தரும் இல்ல. உள்ளுக்கு வாங்க நல்லரத்தினண்ணன். புள்ளைகள்ட வாங்கில இரிங்க.

— வேணா. எட்டாம் வகுப்போட ஓடினவன் நான். வாங்கில இருந்தா ஆரோ கணக்குக் கேக்கப் போறாங்க எண்டுதான் இரிக்கும்.

— நான் கணக்கு டீச்சர் இல்ல. விஞ்ஞானந்தான். பயப்படாம இரிங்க.

— ம்... இருந்துட்டன்.

— ஏன் தரமாட்டாள் சீதேவி?

— எழுதின தாளெல்லாத்தையும் நான் அடுப்புக்குள்ள வச்சிட்டன்.

— எரிச்சிட்டீங்களா?

— ஓம். சோறு வெந்திட்டு.

— பகிடியா அண்ணன்...

— பகிடி இல்ல. முட்டை போடுங்க அவளுக்கு. முழு முட்டை. நான் ஏனெண்டும் கேக்கமாட்டன்.

— கோணாமலைட மகன் எல்லாக் கேள்விக்கும் ‘அம்மா சொன்னா’ எண்டு எழுதியிரிக்கான். வகுப்பில பாதி அவனப் பாத்து எழுதினதுகள். அதால பாதி வகுப்புக்கும் கோணாமலைட மனிசிதான் சொன்னவ. ஒழுங்காச் செய்தது உங்கட மகள் ஒராள். அவளுக்கா முட்டை?

— ஒழுங்காச் செய்ததுதான் டீச்சர் பிழை.

— என்ன பிழை?

— நீங்க என்ன செய்யச் சொன்னீங்க? ஆத்தில மீன் செத்தது ஏன் எண்டு ஊருக்குள்ள கேக்கச் சொன்னீங்க. சரி, கேக்கலாம். சொல்லுற ஆளிட்ட, ‘நீங்க கண்ணால கண்டீங்களா, உங்களுக்கு ஆர் சொன்ன’ எண்டு கேக்கச் சொன்னீங்க. மறுகா அந்த ஆளிட்டப் போய், ‘உங்களுக்கு ஆர் சொன்ன’... இந்தக் கேள்விய இந்த ஊருக்குள்ள ஆரு கேக்கிறது? ஆமிக்காரன் கேக்கிறான், ஆளக் காட்டிக்குடுக்கிற தலையாட்டியக் கூட்டிக்கொண்டு வந்து. துவக்கோட திரியுற பொடியன்கள் கேக்கிறாங்க. இப்ப என்ட மகள் கேக்கிறாள், ரெட்டைப் பின்னலோட. சங்கக்கடை மனேச்சர் அவளக் கண்டு பலகையப் போட்டுக் கடையப் பூட்டிட்டாராம்.

— ஒரு பள்ளிப் புள்ளைக்கா பயந்தார்?

— கையில பேனை வச்சிரிந்தாள் தானே. பேனையக் கண்டாலே பேர் எழுதப் போறாங்க எண்டு சனம் ஓடுது.

— அத நான் யோசிக்கல்ல. புத்தகத்தில அப்பிடித்தான் இரிக்கு அண்ணன். ஒரு சேதி வந்தா, அது எங்க இருந்து வந்த எண்டு தேடிப் போகணும்.

— புத்தகம் எழுதினவர் இஞ்ச இரிக்கல்ல டீச்சர்.

— ...ஓம். அது சரிதான்.

— அப்ப நான் வாறன்.

— இரிங்க. அக்கரை மீன் யாவாரி முகைதீன்பாவா காக்கா எங்க எண்டு தெரியுந்தானே?

— ...தெரியும்.

— எங்க?

— பொடியன்கள்ட முகாமில.

— நேத்து ஐஸ் பெட்டியோட மீன் எடுக்க வந்த மனிசன். ஆத்துக்கு நஞ்சு ஊத்தினதாம் எண்டு பிடிச்சு வச்சிரிக்காங்க.

— தெரியும் எண்டுறன்.

— காக்காட மனிசி ஆமினா உம்மா அக்கரையால முதல் தோணியில வந்து துறையில குந்திக்கொண்டு இரிக்கா. ஒரு மிடறு தண்ணி குடிக்கல்ல.

— என்ட மனிசி தேத்தண்ணி கொண்டு போனவள். வாங்கி மணலில வச்சிட்டுப் பாத்துக்கொண்டே இரிந்தாவாம்... டீச்சர், நான் தோணி தள்ளத் தொடங்கின நாளில இருந்து என்ட மீன எடுக்கிறவர் அவர். எனக்குத் தெரியாதா? ஐஸ் பெட்டி கழுவின தண்ணியத்தான் ஊத்தினவர். எப்பவும் அந்தத் துறையிலதான் கழுவுறவர்.

— அதப் போய் முகாம் பொறுப்பாளரிட்டச் சொன்னீங்களா?

— நான் சொன்னா? ‘நீ அவன்ட ஆள் தானே’ எண்டுவான். அதோட என்ட கதையும் முடியும்.

— நான் போனன்.

— எங்க?

— முகாமுக்கு. விடியப்புறம், பள்ளிக்கு வாறதுக்கு முதல்.

— தனியவா? உங்களுக்கென்ன விசரா டீச்சர்!

— கேளுங்க. உங்கட மகள் முந்தநாள் வகுப்பில எழும்பி ஒண்டு சொன்னாள். செத்த மீனக் காகமும் நாயும் தின்னுதுகள், ஒண்டும் சாகல்ல எண்டு. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு ஊரே மீன் மச்சம் விட்டு விரதம் இரிக்கு. அதால மனிசர் ஒருத்தரும் தின்னல்ல. திண்டிரிந்தா நஞ்சா இல்லையா எண்டு அண்டைக்கே தெரிஞ்சிரிக்கும். நஞ்சில்ல அண்ணன். மழை இல்ல, ஆறு கடலில விழுற முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கு, தண்ணி ஓடல்ல. பாசியெல்லாம் அழுகி, மீனுக்கு மூச்சில்லாமப் போயிட்டு.

— அண்டைக்கு விடியப்புறம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடினதுகள். மணலை மீன், ஓட்டி மீன், எல்லாம். நான் கண்டன். தோணிக்குள்ள இருந்து பாக்க ஏலாமக் கண்ணத் திருப்பினனான்.

— இவ்வளவையும் சொன்னன். பொறுப்பாளர் கேட்டுக்கொண்டுதான் இரிந்தார். உயர்தரம் விஞ்ஞானம் படிச்ச பொடியனாம். கதிரை எல்லாம் தந்தார்.

— மறுகா?

— ‘மங்கையற்கரசி டீச்சர், காகத்த நான் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது. நஞ்செண்ட கதை பொய்யெண்டா, அத முதல்ல சொன்ன ஆளக் கொண்டு வாங்க. வந்த உடன முகைதீன்பாவாவ விடுறம்’ எண்டார். பொழுது படுறதுக்குள்ள.

— ...அப்ப அந்த ஆள?

— விசாரிப்பாங்க.

— விசாரிப்பாங்க... போன மாசம் தபால்காரர விசாரிக்கக் கொண்டு போனாங்க. அவர்ட சைக்கிள்தான் திரும்பி வந்த.

— அதுக்குத்தான் கேக்கிறன். சீதேவி கடைசியாப் போன வீடு ஆர்ட?

— எனக்கென்ன தெரியும்?

— எரிக்கிறதுக்கு முதல் வாசிச்சிரிப்பீங்க.

— எனக்கு வாசிக்கத் தெரியாது.

— எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்க அண்ணன்!

— அதுதான் ஓடிட்டன் எண்டு சொன்னனே...

— உங்கட தம்பி அழகரத்தினமா?

— டீச்சர்.

— சங்கக்கடை மனேச்சரா? அதுக்கா பலகை போட்டவர்?

— ஆக்கள்ட பேரச் சொல்லாதீங்க! ஜன்னல் திறந்து கிடக்கு. ரோட்டால போறவன் காதில ஒரு பேர் விழுந்தாப் போதும்.

— அப்ப உங்கட வீடா?

— என்ட வீடெண்டா நான் ஏன் இஞ்ச வாறன்? நேர முகாமுக்குப் போயிரிப்பன்.

— போயிரிப்பீங்களா?

— ...தெரியா டீச்சர். போயிரிப்பன் எண்டு சொல்ல ஆசைதான்.

— அப்ப ஆரத்தான் காப்பாத்துறீங்க? பொய்யக் கிளப்பிவிட்ட ஒராள. அந்த ஆளுக்காகக் காக்காவ...

— பொய் சொல்லல்ல அந்த ஆள்.

— என்ன?

— பொய் சொல்லல்ல எண்டுறன். சொன்னது ஒண்டு. சனம் அதில ஒரு துண்டப் பிச்சுக்கொண்டு ஓடிட்டு.

— சரி. துண்டப் பிச்சதுகள் ஆயிரம் பேர். முதல்ல சொன்னது ஒராள் தானே?

— விடுங்க டீச்சர். நான் போறன்.

— துறையாலதான் போவீங்க. ஆமினா உம்மா இரிக்கிற இடத்தால.

— தெரியும்! என்னைய என்ன செய்யச் சொல்லுறீங்க? அந்த மனிசன எடுக்கிறதுக்கு இன்னொரு உசிரக் கொண்டுபோய்க் குடுக்கணும். கத்தரிக்காயா, தராசில போட்டு மாத்த? என்ட புள்ள இத எழுதிப்போட்டு ராவு முழுக்க அழுதாள். ‘அப்பா, நான் ஏன் இவ்வளவு ஒழுங்காச் செய்தன்’ எண்டு கேட்டாள். அதுக்குத்தான் அடுப்புக்குள்ள வச்சன். அவள்ட கையெழுத்தில அந்தப் பேர் இரிக்க வேணா.

— நீங்க ஒருத்தரையும் குடுக்க வேணா அண்ணன். பேர மட்டும் சொல்லுங்க. கொண்டுபோய்க் குடுக்கிறது நான்.

— நீங்க குடுப்பீங்களா?

— ஓம்.

— ஆரெண்டாலும்?

— ஆரெண்டாலும்.

— நெஞ்சு நடுங்காம?

— நடுங்கும். நடுங்கிக்கொண்டுதான் குடுப்பன். வெயில் சாயுது... சொல்லுங்க அண்ணன்.

— போன கிழமை, மீன் செத்த அடுத்த நாள்... ஆத்தில மீன் சாகுறதுக்கு என்னென்ன காரணம் இரிக்கேலும் எண்டு ஒராள் கரும்பலகையில எழுதினவ. வெக்கை ஒண்டு. மூச்சுக் காணாம வாறது ஒண்டு. நோய் ஒண்டு. கடைசியா நஞ்சு. இது ஒவ்வொண்டையும் நாம சோதிச்சுப் பாக்கணும் எண்டும் சொன்னவ. புள்ளைகள் வீட்ட வந்து நஞ்செண்டுதான் சொன்னதுகள். மத்த மூண்டையும் ஆருக்கு வேணும்? ‘டீச்சர் எழுதினவ’ எண்ட உடன ஊர் அத நம்பின. அதுக்குப் பிறகுதான் டீச்சர், துறையில பெட்டி கழுவுற மனிசன்ட நினைப்பு வந்த. சீதேவி எந்த வீட்டால போனாலும், கடைசியா ஒரு பள்ளிப் புள்ளையிட்டத்தான் போய் நிண்டவள். எல்லாப் புள்ளையும் ஒரு பேரத்தான் சொன்ன... நான் பாத்த பேர் அதுதான். போதுமா? இப்ப எரிச்சது சரியா பிழையா எண்டு சொல்லுங்க. நான் கும்பிட்டுக் கேக்கிறன், முகாம் பக்கம் போகாதீங்க. ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும் புள்ளைக்கும்தான்...

— சீதேவி காலமயே வந்து என்னிட்டச் சொல்லிட்டாள் அண்ணன். ஒராள்ட வாயால வந்தத மட்டும் வச்சு முடிவெடுக்கப்படாது எண்டு அவளுக்குப் படிப்பிச்சது நான். அதுதான் நான் ஒண்டும் சொல்லாம, உங்கட வாயாலயும் வரட்டும் எண்டு இவ்வளவு நேரம் இரிந்தன்... எழும்புங்க, முகாம் துறைக்குத் தோணிய எடுங்க. போகக்குள்ள நான் இரிக்கிற இடத்தில, வரக்குள்ள காக்காவ ஏத்திக்கொண்டு வாங்க.