ரூனேயின் பேரில் ஒரு வயிறு

யோரான்: காப்பி இருக்கட்டும்டா ரூனே. முதல்ல நீ உட்காரு.

ரூனே: என் வீட்டுல என்னையே உட்காரச் சொல்றே. என்னாச்சு, படகு கவுந்துடுச்சா?

யோரான்: நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல... உன் பேர்ல...

ரூனே: மெதுவாப் பேசுடா! அறுபத்தஞ்சு வயசுலயும் இந்த இரட்டையனுங்க ஆள் மாறாட்டம் பண்றானுங்கன்னு ஊரே சிரிக்கும்.

யோரான்: நீதானே கெஞ்சினே? "ஸ்கேன்னாலே பயமா இருக்கு, நம்ம மூஞ்சி ஒண்ணுதான், எனக்குப் பதிலா நீ போய்ப் படுத்துட்டு வா"ன்னு.

ரூனே: உன் கணக்குப் பரீட்சையை நான் எழுதலையா? சரி, என்ன சொன்னாங்க?

யோரான்: இந்த வயசு ஆம்பிளைங்களை எல்லாம் கடுதாசி போட்டுக் கூப்பிடறது சும்மா இல்லடா. முதுகெலும்பை ஒட்டி வயித்துக்குள்ள ஒரு பெரிய ரத்தக்குழாய் இறங்குதாம். அது... வீங்கியிருக்கு.

ரூனே: எவ்வளவு?

யோரான்: ஐம்பத்தேழு மில்லிமீட்டர். இருபது இருந்தாப் போதுமாம்.

ரூனே: கொண்டா தாளை... அடேங்கப்பா! "ரூனே ஆல்ம்க்விஸ்ட்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அப்ப நோயாளி நான்தான். அந்தப் பெரிய ஏலக்காய் பன்னை இப்படித் தள்ளு.

யோரான்: விளையாடாதே! பேர்தான் உன்னுது. வயிறு என்னுதுடா.

ரூனே: ஓ... ஆமால்ல. வலி கிலி ஏதாவது?

யோரான்: ஒண்ணும் இல்ல. அதுதான் மோசமாம். வெடிக்கிற வரைக்கும் சத்தமே காட்டாதாம். வெடிச்சா வயித்துலயும் முதுகுலயும் திடீர்னு வலி, மயக்கம்... பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பாக்கறதில்லையாம்.

ரூனே: அப்பாவுக்கு மாதிரி.

யோரான்: ...விறகு அடுக்கிட்டிருந்தாரு. கல்லடைப்புன்னு நினைச்சோம்.

ரூனே: ம்... சரி, அடுத்து என்னவாம்?

யோரான்: ஐம்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா அப்பப்ப அளந்து பாத்தாப் போதுமாம். தாண்டினா ஆபரேஷன். ரெண்டு வழி இருக்காம். தொடை இடுக்குல துளை போட்டு உள்ளே ஒரு குழாயை நுழைச்சுடுவாங்க. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம், ஆனா வருஷா வருஷம் போய்க் காட்டணும். இல்லேன்னா...

ரூனே: இல்லேன்னா வயித்தைத் திறந்து துணிக்குழாய் வெச்சுத் தைக்கிறது. தேற ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்புறம் அவ்வளவா தொந்தரவு இல்ல.

யோரான்: உனக்கெப்படி...

ரூனே: பேப்பர்ல படிச்சேன். வருஷா வருஷம் போய்க் காட்டற ஆளா நீ? பல் டாக்டரைப் பாத்தே பதினோரு வருஷமாச்சு. பேசாம தச்சுக்கோ.

யோரான்: நான் ரெண்டுக்கும் போகப் போறதில்ல.

ரூனே: என்னது?

யோரான்: அவங்க கணக்குல வீக்கம் ரூனேவுக்கு. யோரானுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வந்த கடுதாசியத்தான் அடுப்புல போட்டுட்டேனே.

ரூனே: தெரியும். குன்வோர் அண்ணி சொன்னாங்க.

யோரான்: என் பொண்டாட்டிக்கு வாயே நிக்காது! ...கத்தி வெச்ச இடத்துலயே போய்ச் சேந்துட்டா?

ரூனே: நூத்துல ரெண்டு மூணு பேர் போறாங்கதான். ஆனா சும்மா விட்டா அது பெருசாயிக்கிட்டே இருக்கும். நீ விறகு அடுக்கறப்ப எல்லாம் அண்ணி ஜன்னல்லயே நிக்கணுமா?

யோரான்: எனக்குப் பயமா இருக்குடா ரூனே. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே நான் அந்த வாசப்படி ஏறல. நேத்து உனக்காகத்தான் போனேன்.

ரூனே: நான் மறக்கல.

யோரான்: நீ மட்டும் என்ன பெரிய வீரனா? கூடப் பொறந்தவனையும் கண்டிப்பா பாக்கணும்னாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே அச்சு, சிகரெட்டும் ஒண்ணாத்தான் ஊதினோம். உன் வயித்தை யாரு பாக்கறது?

ரூனே: நான் போய்ப் படுத்தா நீயும் படுப்பியா?

யோரான்: படுப்பேன். முதல்ல நீ. பயந்தாங்கொள்ளி, உன்னால முடியாது.

ரூனே: குன்வோர் அண்ணி மேல சத்தியம் பண்ணு.

யோரான்: சத்தியம்! நீ கத்தியைப் பாத்துட்டு வா, மறுநாளே நான் வரேன். இப்ப எதுக்குடா சட்டையைத் தூக்கறே, குளிர்ல... ரூனே... என்னடா இது?

ரூனே: நெஞ்சுக்குக் கீழேருந்து அடிவயிறு வரைக்கும் தையல் தழும்பு. போன அக்டோபர்ல நார்வேக்கு மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னது பொய்டா, ஆபரேஷனுக்குத்தான் போனேன். கூடப் பொறந்தவனையும் கூட்டிட்டு வான்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. உனக்காகன்னா நீ வரமாட்டே, எனக்காகன்னா ஓடுவே, அது தெரியும்... அதான் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு வந்த ஸ்கேன் கடுதாசியை உன் கையில குடுத்தேன்.