செக்கப் நாளும் நீர் மாத்திரையும்

"ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல எவனாவது அந்த மாத்திரைய துன்னுவானா?"

திருப்பதியிலிருந்து நகரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் இப்படிக் கேட்டார். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்; செக்கப் முடிந்து ஊர் திரும்புகிறார்கள்.

"இன்னாயா சொல்ற? இதயத்துக்குக் குடுத்த மாத்திரையவா நிறுத்தின?"

"எல்லாத்தையும் இல்ல. நீர் மாத்திரைய மட்டும். அத்த துன்னா அரை மணிக்கு ஒருதபா ஒண்ணுக்குப் போவணும். பஸ்ஸுல எங்க போறது?"

"இன்னிக்கு மட்டுமா?"

"ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுவேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் அப்படித்தான்."

மனைவி குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"அதான் அங்க போறப்பல்லாம் காலு வீங்கிக்கினு இருக்குது. நேத்து மூச்சு வாங்கி, உக்காந்துக்கினே தூங்கின. மருந்து கேக்கலன்னு நெனச்சி டாக்டரும் டோஸ ஏத்திக்கினே போறாரு. அவருகிட்ட இத்த சொன்னியா?"

"ஒழுங்கா துன்றியான்னு கேட்டாரு. மத்ததெல்லாம் துன்றேனே, ஆமான்னேன். இப்ப டபுள் ஆக்கிட்டாரு. இனிமே நாலு நாள் முன்னாடியே நிறுத்தணும்."

அந்த அம்மா எழுந்து, வடமாலபேட்டையில் நிறுத்தும்படி கண்டக்டரிடம் தெலுங்கில் சொன்னார். "அன்னா, வடமாலபேட்டலோ ஆபண்டி."

"நம்ம ஊரு இன்னும் வரலியே?"

"திருப்பதிக்கே திரும்பிப் போறோம். என்கிட்ட சொன்னத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு."

அவர் சலித்துக்கொண்டே பையை எடுத்தார்.

"சரி, வா. நல்லவேள, இன்னும் மாத்திரை துன்னல."