மெழுகு உருண்டை

எதையும் அரைகுறையாக விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, ஐயா. அதைச் சொல்லிச் சொல்லியே தங்கை என்னைக் கிண்டல் செய்வாள்.

எக்ஸ்ரே கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. உடம்பைத் தாண்டி வரும் கதிர், பின்னால் பலகைபோல் இருக்கும் பேனலில் பட்டதும் துளியிலும் துளியாக மின்னோட்டம் எழும். அதை அளந்து எண்ணாக்க ஓரத்தில் வரிசையாக சிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சேனல்கள், பேனலின் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியே அளக்கும் வழிகள். எல்லாம் ஒரே மாதிரி அளக்காது. ஒன்று கூட்டிச் சொல்லும், ஒன்று குறைத்துச் சொல்லும். அதனால் வெறும் பேனல்மேல் கதிரைப் பாய்ச்சி, 'எதிரே ஒன்றுமில்லை, இதுதான் சரியான அளவு' என்று கற்றுக்கொடுப்பேன். பாவம், சொன்னதை அப்படியே நம்பும்.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியது நான்தான். எனக்கென்று வேறு யாரும் இல்லை. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது.

"நான் போயிட்டா சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாம முழிக்கப்போற, பாரு" என்று சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்கினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

உடல்தகுதிச் சான்றுக்கு நெஞ்சுப் படம் வேண்டும். அண்ணன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்க வேறெங்கு போவாள்? அன்று காலை பேனலுக்குப் பாடம் சொல்லும்போது, மேல் மூலையில் ஒரு மெழுகு உருண்டையை வைத்தேன். மெழுகு தடுத்து அங்கே கதிர் குறைந்ததும், பேனல் தன் சேனல்கள்தான் மந்தம் என்று எண்ணி, அந்த இடத்தில் எப்போதும் கூட்டியே சொல்லும். கதிர் கூடுதலாகப் பட்ட இடம் படத்தில் கறுப்பாக விழும்; உருண்டையை எடுத்தபின் படம் பிடித்தால், நுரையீரலில் ஓட்டை விழுந்ததுபோல் கருமை தெரியும். அவள் போனதும் எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்துவிட்டேன். வேறு நோயாளி யாருக்கும் என்னால் கெடுதல் இல்லை.

காசநோய் என்றார் டாக்டர். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் படம் சொல்கிறதே என்றார். வேலை கைநழுவிப் போனது. மாதக்கணக்கில் மாத்திரை. ஒருவேளைகூடத் தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"நீ இல்லேன்னா என் கதி என்னண்ணா" என்பாள்.

மறுபடம் எடுக்க வந்தபோது இன்னும் சின்ன உருண்டையாக வைத்தேன். ஓட்டை சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கத்தான்.

பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். கண் மஞ்சளாயிற்று. அந்த மாத்திரை சிலருக்கு ஈரலைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வெறும் உடம்புச்சூடு என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம்ணா, குமட்டுது" என்று கெஞ்சினாள்.

சொல்லிவிட வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். தலையைத் தடவிக்கொடுத்து விழுங்க வைத்தேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும். அவள் அடுக்கிய பெட்டி அப்படியே இருக்கிறது. சுடுதண்ணீர் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நோயில்லாதவளுக்கு நோயைக் காட்டினேன், மருந்து கொடுத்தே கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கவனித்துக்கொண்டதில் குறை வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா.