பனியாமையின் நாலாவது வித்தை

வட்ட ஃபிரேம் எல்லா முகத்துக்கும் எடுபடாது. கன்னம் உப்பியவர்கள் போட்டால் ஆந்தை மாதிரி இருப்பார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான் இதை வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். முதலாளிக்குப் பிடிக்காது. என் தம்பிக்கு எடுபட்டது. நீள முகம், கூர்மையான தாடை. அவன் பிறந்தநாளுக்கு நானே ஃபிரேமைப் பொறுக்கி, நானே லென்ஸை ஓரம் தேய்த்து ஏற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "வாத்தியார் மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தான்.

விபத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஆமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. எழுதிக்கொள்கிறவர் சிரித்துவிட்டார், பரவாயில்லை.

தம்பியும் நானும் ஒரு மிருகச் சண்டை விளையாட்டு ஆடுவோம். உள்ளங்கை அளவுக் கருவியில் ஆடுவது. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மண்டபம் பிடித்துப் போட்டி நடத்துகிறார்கள், பெரியவர்கள் தோற்றுவிட்டு அழுகிறார்கள். இருவர் ஓர் அணி, ஆளுக்கு ஒரு மிருகம். தம்பியுடையது தீக்கீரி. பாயும், கடிக்கும், கைதட்டல் வாங்கும். அடிக்கிறவன் பக்கத்தில் அவனைக் காப்பாற்ற ஒரு மிருகம் வேண்டும். அது என் பொறுப்பு. அதுதான் பனியாமை.

அதை உருவாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முட்டையிலிருந்து வருகிற ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு குணம் இருக்கும். முரட்டுக் குட்டி, அவசரக் குட்டி, பயந்தாங்கொள்ளி. எனக்கு வேண்டியது பொறுமைசாலி. அது கிடைக்கும்வரை பொரித்துக்கொண்டே இருந்தேன், மற்றதையெல்லாம் காட்டில் விட்டேன். பிறகு வளர்க்க வேண்டும். வளர வளரக் கிடைக்கும் புள்ளிகளை எதில் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. தாக்கும் பலத்தில் நான் ஒரு புள்ளிகூடப் போடவில்லை. வேகத்திலும் போடவில்லை. எல்லாம் ஆமையின் முதுகோட்டுக்கும் உயிருக்கும்தான். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இது நகர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நகரட்டும்டா மெதுவா. கடைசியா நகர்றவளுக்குத்தான் மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு தெரியும்."

ஒரு மிருகத்துக்கு நாலு வித்தைகள்தான் கற்றுத்தர முடியும். நான் கொடுத்தது இவை. முதலாவது சுவர், வருகிற அடி பாதியாகும். இரண்டாவது மருந்து, அடிபட்ட கூட்டாளியைத் தேற்றும். மூன்றாவது பனி. அது இறங்கினால் களத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, எதிரிகள் குறி தவறித் தவறி ஓய்வார்கள். நாலாவதற்கு 'என்னைப் பார்' என்று பெயர். அதைப் போட்டால் அந்தச் சுற்றில் விழுகிற எல்லா அடியும் ஆமை மேலேயே விழும். வேறு யார் பக்கமும் ஒருத்தர் கவனமும் போகாது.

பனியில் ஒரு சிக்கல் இருந்தது. அது கூட்டாளியின் கண்ணையும் மறைக்கும். தீக்கீரிக்கும் ஒன்றும் தெரியாது. தெரிவது பனியாமைக்கு மட்டும்தான், அதாவது என் திரையில் மட்டும்தான். எல்லோரும் சொன்னார்கள், இதை வைத்துக்கொண்டு ஜோடியாக ஆட முடியாது என்று. நாங்கள் ஆடினோம். அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து நான் மெதுவாகச் சொல்வேன், "இடது. இரு. இப்ப வலது." நான் சொன்ன இடத்தில் அவன் அடிப்பான். ஒருதடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. போட்டோவில் அவன் கோப்பையோடு நிற்பான், என் தோள் மட்டும் ஓரத்தில் வந்திருக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "அக்கா இல்லன்னா நான் குருடன்" என்று எல்லோரிடமும் சொல்வான். எனக்கு அது போதும்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். தம்பி வேலை செய்யும் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவள். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் சிட்டு என்று அவன்தான் பெயர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். வந்தவள் சும்மா இருக்கமாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள், என் தலையைக் கோதிப் பார்த்து நரை எண்ணுவாள். நல்ல பெண். உங்களுக்கு அவளைக் கெட்டவள் என்று காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அவளும் அதே விளையாட்டு ஆடுவாள். அவளுடையதும் துணை மிருகம்தான். காற்றுக்கோழி. சிறகடித்தால் கூட்டாளிக்கு வேகம் கூடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சுவர் இல்லை, மருந்து இல்லை. ஒரு தட்டுக்குத் தாங்காது. விளையாட்டாக ஒருநாள் தம்பியோடு ஜோடி சேர்ந்து ஆடினாள். வெயிலடிக்கிற களம், பனியே இல்லை. தீக்கீரி பறந்தது. அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. எங்கள் ஆட்டத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் குரலுக்குக் காத்திருப்பான்.

ஆடி முடித்து அவள் என்னிடம் சொன்னாள், "அக்கா, இவருக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது. இவரையே பாத்து அடிக்க விடுங்களேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. அன்று ராத்திரி, அவள் தேய்த்து வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் தேய்த்தேன். பொறாமை என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள், வேறு நல்ல வார்த்தை தேட வேண்டாம்.

இப்போது ஃபிரேமுக்கு வருகிறேன். தம்பிக்குச் சிலிண்டர் பவர், கோணலாகத் தெரிவதை நேராக்குகிற லென்ஸ். அந்த மாதிரி லென்ஸ் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது முக்கியம், கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. சதுர ஃபிரேமில் அது அசைய வழியில்லை. வட்ட ஃபிரேமில் திருகு தளர்ந்தால் லென்ஸ் இருந்த இடத்திலேயே சுழன்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போட்டிருப்பவனுக்குத்தான் கம்பம் சாயும், எழுத்து இரட்டையாகும், விளக்குக்கு வால் முளைக்கும். ஒருதடவை தானாகவே அப்படி ஆகி, தலைவலி என்று சுருண்டு படுத்தான். நான் திருப்பிச் சரிசெய்து திருகை முறுக்கிக் கொடுத்தேன். "அக்கா கை பட்டாலே போதும்" என்றான். அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. பின்னால் நினைத்துக்கொண்டேன்.

பெரிய போட்டி அறிவித்தார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"அக்கா, இந்தத் தடவை சிட்டு கூட ஆடலாம்னு இருக்கேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

"சரிடா" என்றேன். காயை நறுக்கி முடித்தேன்.

அவன் குளிக்கப் போனால் கண்ணாடி அலமாரி மேல் இருக்கும். திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, லென்ஸை ஒரு நூல் திருப்பி, மறுபடி முறுக்க எவ்வளவு நேரம் ஆகும். சிட்டுவோடு பயிற்சி இருக்கும் நாளில் திருப்பிவைப்பேன். என்னோடு ஆடும் நாளில் சரிசெய்துவைப்பேன். அவளோடு ஆடினால் தலைவலி, குறி தவறல், வாய்ச்சண்டை. என்னோடு ஆடினால் ஒன்றுமில்லை. கண் டாக்டரிடம் போனான். டாக்டர் கண்ணைத்தான் பார்த்தார், கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணில் மாற்றமே இல்லை, திரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தலைக்குள் ஏதோ பெரிய வியாதி என்று தம்பி பயந்துபோனான். ஈரத்துணி நெற்றியில் போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். மருந்து கொடுப்பதில் எனக்கு ஈடு யாரும் இல்லை.

இவ்வளவு ஆகியும் அவன் அவளை விடவில்லை. ஆட்டம் போனால் போகட்டும் என்று இருவரும் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஆடும்போது அவள் அவனுக்காகத் திரையைப் பார்த்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், இடது, வலது என்று. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை.

போட்டியன்று சாயங்காலம் இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். அப்போதுதான் தெருவிளக்கு போட்டார்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். மேம்பாலத்துக்குக் கீழே, சாலை நடுத்தடுப்பில் மோதினான். எதிர்விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தோள்பட்டை விலகியது. அவள் அங்கேயே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவன் பொருள்களை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். ஃபிரேம் லேசாக வளைந்திருந்தது, லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து திருப்பிச் சரிசெய்து, துடைத்து, அவனுக்குப் போட்டுவிட்டேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் சோதித்தபோது கண்ணாடி சரியாக இருந்தது. திருப்பியிருந்ததைப் பார்த்திருந்தாலும் இடித்ததில் சுழன்றது என்றுதான் நினைத்திருப்பார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிறகு ஏன் நானாக வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்.

கண்ணாடி சரி, கண்ணும் சரி என்று ஆனதும், குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். உங்களிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். வக்கீல் வேண்டாம் என்கிறான். ஜெயிலுக்குப் போனால் அவளுக்குக் கொஞ்சமாவது ஈடாகும் என்கிறான். அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறான், அவள் அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், கேட்டுவிட்டு வருகிறான். அவளுடைய கருவியை அந்த அம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான். ஆடுவதில்லை. காற்றுக்கோழி சும்மா நின்று சிறகடிக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பனியாமை இருக்கும் என் கருவியை அலமாரிக்குள் போட்டுவிட்டான். நான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், வாயைத் திறக்கிறான். அவ்வளவுதான். யார் ஊட்டுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

"என்னடா நினைச்சிட்டிருக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணை மூடினா அவதான் தெரியறாக்கா. வேற எதுவுமே தெரியல."

உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் கிடைத்தன.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று கிளம்பும்போது வாசலில் தம்பி என்னிடம் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான். "விளக்குக்கெல்லாம் வால் முளைச்சிருக்குக்கா, என்னன்னு பாரேன்" என்றான். திருகைத் திருப்பும் திருப்புளி என் கைப்பையில் இருந்தது. நான் முந்தானையால் துடைத்து அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சிட்டு பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்போ நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்க" என்று சாவிக்குக் கை நீட்டினாள். "அவன் ஓட்டட்டும்மா. அவனுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்றேன். அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது, பாவம், பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். பின்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான்.

நான் அவள் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. பனியாமை யாரையும் அடிக்காது, அதற்கு அடிக்கவே தெரியாது. இப்போதும் அவனைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன். அவன் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடுங்கள், விழ வேண்டியதெல்லாம் என் மேல் விழட்டும். அந்த நாலாவது வித்தையை நான் களத்தில் ஒருதடவைகூடப் போட்டதில்லை. "எதுக்குக்கா அதை வீணா வச்சிருக்க?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருப்பான். அதற்கு நேரம் வரவில்லை என்று சொல்வேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். பிறகு அவனை வரவழைத்து, நான் சொன்னதை ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டுங்கள். ஃபிரேம், திருகாணி, வாசலில் நடந்தது, எல்லாம். அவன் கத்துவான், என்னை அடிக்கவும் வருவான், தடுக்க வேண்டாம். இன்று ராத்திரியிலிருந்து அவன் கண்ணை மூடினால் அவள் தெரியமாட்டாள். நான்தான் தெரிவேன்.