டிக் சத்தம்

எனக்கு யாரையும் ஃபெயிலாக்கிப் பழக்கமில்லை. மூச்சு நின்ற குழந்தையை மீட்கும் முதலுதவியைக் காப்பகம் காப்பகமாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கு இரண்டு வயதுப் பிள்ளை அளவில் ஒரு ரப்பர் பொம்மை. வகுப்புப் பெண்கள் அதற்குக் குட்டி மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் நெஞ்சு இரண்டு அங்குலம் அமுங்கினால் உள்ளே டிக் என்று கேட்கும். கேட்டால் பாஸ்.

பிஞ்சு நெஞ்சை அவ்வளவு ஆழமாக அழுத்த யாருக்கு மனசு வரும்? ஒரு காப்பகத்தின் புது டீச்சர் மூன்று தடவை தோற்று, மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

“எலும்பு உடைஞ்சிடுமோன்னு அழுத்தவே வரல சார். சர்டிஃபிகேட் இல்லேன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.”

எனக்கு அழுகையைக் கண்டால் தாங்காது. சாப்பாட்டு இடைவேளையில் பொம்மையின் முதுகைத் திறந்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். அப்புறம் அரை அங்குலத்துக்கே டிக் வந்தது. எல்லாரும் பாஸ். கைதட்டினார்கள். தளர்த்தியது அப்படியே இருந்துவிட்டது, மூன்று வருஷம்.

போன மாசம் அதே காப்பகத்தில் ஒரு பையனுக்குத் தொண்டையில் திராட்சை சிக்கியது. அன்றைக்கு அழுத அதே டீச்சர் பழத்தை எடுத்துவிட்டாள். மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வர பதினொரு நிமிஷம். எண்ணி எண்ணி அழுத்தினாள், அரை அங்குலம். பையனின் அம்மா ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டு, “விட்டுடாதீங்க டீச்சர், விட்டுடாதீங்க” என்று கெஞ்சினாளாம். அவள் விடவேயில்லை. ஆம்புலன்ஸ்காரர்தான் கையைப் பிடித்து விலக்கினார்.

விசாரணையில் அவள் தலை உருள இருந்தது. நானே பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனேன். அதிகாரிகள் முன்னால் அழுத்திக் காட்டினாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் டிக். ஒரு குறை சொல்ல முடியாமல் விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சரியாத்தானே செஞ்சேன் சார்? அப்புறம் ஏன் அவன் எழுந்திருக்கல?”

“உங்க மேல தப்பே இல்லம்மா. அவனுக்கு ஆயுசு அவ்ளோதான்” என்றேன்.

இன்னும் ஏன் ஸ்பிரிங்கை முறுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நேற்றுகூடப் பள்ளி வேன் ஆயாக்கள் நாற்பது பேரை அதே பொம்மையில்தான் பாஸாக்கினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாசம் டீச்சர் மறுபடி வகுப்புக்கு வருகிறாள். முறுக்கிவிட்டால் முதல் அழுத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடும். அந்தப் பாவத்தை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதீர்கள்.