கரடி கொண்டாடிய பண்டிகைகள்

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோழிகள். ஒருத்தியின் மடியில் அவளுடைய ஐந்து வயது மகள்.

“கிறிஸ்துமஸ்னா என்னன்னு எனக்குக் கத்துக்குடுத்ததே ஒரு கரடிதான்டி,” என்றாள் குழந்தையின் அம்மா.

“கரடியா?”

“சின்ன வயசுல டிவில பாத்த கார்ட்டூன். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும், ரம்ஜானுக்கு சேமியா சாப்பிடும், கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டும். லீவு விட்டா அது முன்னாடியே உக்காந்திருப்பேன்.”

“அப்போ இவள நாளைக்கு ஸ்டெல்லா வீட்டுக்கு அனுப்பு. கூடப் படிக்கிற பொண்ணு, ஆசையா கூப்பிட்டிருக்கு.”

“அவரு சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு. கேக்குல முட்டை இருக்கும், போகக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க.”

“கரடியா இருந்தா போயிருக்கும்.”

“கரடி வீட்ல யாருடி மாலை போட்டா?”

தோழி சிரித்தாள். இவள் சிரிக்காமல் போனை எடுத்தாள்.

“ஸ்டெல்லா அம்மாங்களா? பாப்பாவுக்கு ஜுரம் ஜாஸ்தியா இருக்குங்க. நாளைக்கு வர முடியாதுங்க.”

அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மடியிலிருந்த குழந்தை தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. கழுத்தையும் தொட்டது.

“சுடவே இல்லியேம்மா,” என்றது.